ஐந்து நிமிடமும் பொன்னாடையும்

"ஐந்து நிமிடத்தில் என்ன ஐயா பேசிவிட முடியும்? தொண்டையைச் செருமி முடிக்கவே இரண்டு நிமிடம் போய்விடுமே!"

எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் சென்ற மாதம் ஆசிரியர் அறையில் இப்படிச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கல்லாவிக்குத் திரும்பும் பேருந்தில்தான் அந்தச் சிரிப்பு நெஞ்சில் உறுத்தத் தொடங்கியது. வலைநிரலாளர்கள் தம் மாநாடுகளில் நடத்தும் குறுவுரை அமர்வைப் போல ஒன்றைத் தமிழ்த்துறையிலும் நடத்திப் பார்க்கலாமே என்று நான் முன்வைத்த யோசனைக்குக் கிடைத்த மறுமொழி அது. அங்கே சொல்லத் தவறியதை இங்கே சொல்லிவிடுகிறேன். சற்றுக் காரமாக இருந்தால் பொறுத்தருள்க.

முதலில் அந்த அமர்வு எப்படிப்பட்டது என்பதை அறியாதவர்களுக்காக. நிரலாளர் மாநாடுகளில் முன்கூட்டியே தேர்வுசெய்யப்பட்ட நீண்ட உரைகள் உண்டு. அவை தவிர ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, அதில் பத்துப் பன்னிரண்டு பேரை ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசவிடுகிறார்கள். 'லைட்னிங் டாக்' என்பது பெயர். மின்னல் உரை எனலாம். பேச விரும்புபவர் அன்று காலை ஒட்டப்பட்டிருக்கும் தாளில் தம் பெயரையும் பொருளையும் எழுதினால் போதும். பதவி, பட்டம், நிறுவனம் எதையும் யாரும் கேட்பதில்லை. அறிமுகவுரை கிடையாது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் மடிக்கணினியுடன் மேடையோரம் நிற்பார். ஐந்து நிமிடம் முடிந்ததும் மணி ஒலிக்கும். சில இடங்களில் அவையே கைதட்டத் தொடங்கிவிடும். அக்கைதட்டலுக்கு மேல் எவராலும் பேச முடியாது. பேசுபவர் பெருநிறுவனம் ஒன்றின் தலைவராயினும் சரி, நேற்று நிரல் எழுதக் கற்றவராயினும் சரி, மணி ஒன்றே.

1997-இல் பைத்தான் மொழியினரின் மாநாட்டிலேயே இத்தகைய குறுவுரைகள் இருந்தன என்பர். ஆயினும் மின்னல் உரை என்ற பெயர் பிறந்தது 2000 சூனில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பெர்ல் மொழி நிரலாளர்கள் கூடியபோது. பெயரிட்டவர் மார்க் ஜேசன் டொமினஸ். (அம்மாநாட்டின் பெயரோடு 19100 என்ற எண்ணை ஒட்டியிருந்தார்கள். 2000 பிறந்ததும் பழைய நிரல்கள் ஆண்டைத் தவறாக அச்சிட்ட கதையைத் தாமே கேலி செய்துகொண்ட எண் அது. தம்மைத் தாமே எள்ளிக்கொள்ளும் மாநாட்டைத் தமிழ்நாட்டில் நான் கண்டதில்லை.) இதுவரை மேடையேறாத ஒருவர் சிறிய அளவில் தொடங்கிப் பார்க்கலாம்; சொல்வதற்கு ஒரே ஒரு செய்தி உடையவர் அதை நாற்பது நிமிடத்துக்கு இழுக்க வேண்டியதில்லை; உரை நன்றாக அமையாவிட்டாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஏற்பாட்டின் நியாயம் இவ்வளவுதான். இந்நியாயத்தின் நடுவில் நிற்பவன் புதியவன் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கும் இது வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. 2006-இல் சென்னையில் நடந்த பார்கேம்பில் முன்கூட்டிய நிகழ்ச்சி நிரலே இல்லை. வந்தவர்களே அதை எழுதிக்கொண்டார்கள். 2009 செப்டம்பரில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் முதல் பைகான் இந்தியா கூடியது. 2019-இல் அது சென்னைக்கு வந்தது. வலைநிரலாளர்களுக்கென்றே 2011-இல் பெங்களூரில் ஜேஎஸ்ஃபூ தொடங்கியது. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இவை நிகழ்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் அத்திப்பள்ளியைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்தத் தாளில் பெயர் எழுதியிருக்கிறார்கள்?

எழுதாமல் திரும்பிய ஒருவனை எனக்குத் தெரியும்.

கல்லாவிக்காரன், என் பழைய மாணவன். இளங்கலையில் தமிழ் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல், தானாகவே வலைத்தளம் அமைக்கக் கற்றுக்கொண்டவன். மாங்காய் மண்டி ஒன்றுக்காக, காய் கொண்டுவரும் விவசாயிகளின் பெயர்களைப் பதிந்து ரசீது தரும் ஒரு சிறு தளத்தைச் செய்து கொடுத்தான். ஒருநாள் ஓர் இளைஞர் ரசீதை நீட்டி, "எங்க ஆயா பேருல புள்ளி எங்கப்பா?" என்று கேட்டிருக்கிறார். 'முனியம்மாள்' என்று பதிந்த பெயர் 'முனியம்மாள' என்று அச்சாகியிருந்தது.

பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடையில் நின்றபடி இவன் எனக்கு இதை விளக்கினான். "ஐயா, பேருக்குப் பத்து எழுத்து போதும்னு வெச்சிருந்தேன். முனியம்மாள்ல ஆறு எழுத்துதானே? ஆனா கணினி பதினொண்ணுன்னு எண்ணுது. ம, உகரக் குறி, ன, இகரக் குறி, ய, ம, புள்ளி, ம, கால், ள, புள்ளி. பத்தோட வெட்டினா கடைசிப் புள்ளி போயிடுது." கல்லாவி என்ற நம் ஊர்ப்பெயர் நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு. எல்லையை இருபதாக உயர்த்திவிட்டுப் போயிருக்கலாம், அவன் போகவில்லை. தேடிப் படித்து, இன்றைய உலாவிகளில் எழுத்தை எழுத்தாகவே பிரித்தெண்ணித் தரும் 'செக்மென்ட்டர்' என்ற கருவி உள்ளமைந்திருப்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தான். பிறகு அவன் கேட்ட கேள்விதான் என்னை நிமிர வைத்தது. "மெய்யோட உயிர் சேர்ந்துதான் உயிர்மெய்னு நீங்க நடத்தினீங்க. ஒருங்குறியில அகரம் ஏறின எழுத்துதான் அடிப்படை. அதுல புள்ளி வெச்சா மெய். தலைகீழா இருக்கே ஐயா?"

வடிவத்தை நோக்கினால் ஒருங்குறி செய்திருப்பதில் பிழையில்லை; புள்ளி பெற்றால் மெய், புள்ளி நீங்கினால் அகரம் ஏறிய உயிர்மெய் என்பது தொல்காப்பியருக்கும் உடன்பாடே. ஒலியை நோக்கினால் அவன் சொன்னது சரி. எழுத்ததிகாரத்தை இருபதாண்டுகளாக நடத்திவரும் எனக்கு, வடிவும் ஒலியும் இப்படி எதிரெதிராக நிற்கும் இடத்தை ஒரு மண்டி ரசீது காட்டிக் கொடுத்தது. அவன் பேசியது நான்கு நிமிடத்துக்கு மேல் இராது. தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டான்.

அந்த நான்கு நிமிடத்தை எடுத்துக்கொண்டுதான் பெங்களூரில் நடந்த வலைநிரலாளர் கூடல் ஒன்றுக்குப் போனான். தாளின் முன் இருமுறை நின்றானாம். முன்னால் நின்ற பெயர்களையும் பொருள்களையும் ஆங்கிலத்தில் படித்துவிட்டுப் பின்வாங்கி, மதிய உணவுக்குப் பிறகு கிருஷ்ணகிரிப் பேருந்தில் ஏறிவிட்டான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. தமிழில் பேசாதே என்று எந்தப் பலகையும் அங்கே இல்லை. வாயிற்கதவு அகலத் திறந்திருக்க, வாசற்படி மட்டும் இடுப்பளவு உயரத்தில் இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் பெங்களூர்க்காரர்களைத் திட்டுவது எளிது; அதை நான் செய்யப் போவதில்லை. கன்னடரும் தெலுங்கரும் மலையாளிகளும் வடவரும் கலந்திருக்கும் அவையில் ஆங்கிலம் பொதுவாக நிற்பது புரிகிறது. அங்கே கன்னடத்துக்கே இடம் அரிது. எனக்குப் புரியாதது வேறு. தமிழ்நாட்டுக்குள், அவையில் அமர்ந்திருக்கும் அத்தனை பேரும் தமிழர்களாக இருக்கும் கூடல்களிலும் முதல் ஸ்லைடில் பெரிய எழுத்தில் 'வணக்கம்' என்று போட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டு, இரண்டாம் ஸ்லைடிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்களே, அது எதற்காக? இடைவேளையில் அதே பொருளைத் தமக்குள் தமிழில்தான் பேசிக்கொள்கிறார்கள். காப்பிக் கோப்பையோடு நிற்கையில் தொழில்நுட்பம் பேச முடிகிற மொழியில் ஒலிவாங்கியைப் பிடித்ததும் பேச முடியாமற்போவது எப்படி?

நிற்க. இதற்கு நிரலாளர்களைக் காட்டிலும் நாங்களே, அதாவது தமிழாசிரியர்களே, பெரிதும் பொறுப்பு என்பது என் துணிபு. சான்றும் அதே மாணவன்தான்.

பெங்களூர்க் கதையைக் கேட்டு மனம் பொறுக்காமல், எங்கள் கல்லூரி மன்ற விழாவில் அவனைப் பேச அழைத்தேன். மேடையேறினான். தேநீர்க் கடையில் கண்ட பையனைக் காணோம். அவையோரையும் தலைவரையும் முறையே விளித்தான், தமிழ்த்தாயை வணங்கினான், எதுகை மோனையில் நான்கு அடுக்குகள் அடுக்கினான், கணினி யுகத்தில் கன்னித்தமிழ் கோலோச்சும் என்றான். முனியம்மாள் வரவில்லை. காணாமற்போன புள்ளி வரவில்லை. கைதட்டல் மட்டும் பலமாக வந்தது. மேடையிலிருந்து இறங்கிய பின், "ஏன்ப்பா அந்தப் புள்ளிக் கதையைச் சொல்லல?" என்று கேட்டேன். "மேடையில போயி அதையெல்லாம் எப்படிங்க ஐயா?" என்றான்.

ஆங்கிலம் தெரியாததால் ஓர் அவையில் ஊமையானவன், தமிழ் தெரிந்ததாலேயே இன்னோர் அவையில் ஊமையானான். அவனுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்த மேடைத்தமிழ் வாழ்த்தவும் புகழவும் வாதாடவும் மட்டுமே பயன்படும் தமிழ். ஒரு பொருளை எடுத்து வைத்து, இது இப்படி இயங்குகிறது, இங்கே பழுதானது, இவ்வாறு சரிசெய்தேன் என்று நின்ற நிலையில் சொல்லும் தமிழை எந்த மன்றத்திலும் எந்தப் போட்டியிலும் நாங்கள் கேட்டதில்லை, பரிசளித்ததும் இல்லை.

மூத்த பேராசிரியரின் எள்ளலுக்கு வருவோம். ஐந்து நிமிடம் போதாது என்கிறார். நம் தேசியக் கருத்தரங்குகளில் நடப்பது என்ன? பத்து மணிக்கென்று அச்சிட்ட தொடக்க விழா பதினொன்றேகாலுக்குத் தொடங்கும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வாழ்த்துரை, மீண்டும் வாழ்த்துரை. ஒவ்வோர் உரைக்கும் முன்னும் பின்னும் பொன்னாடை. முதன்மை விருந்தினர் தம் பேருரையை முடிக்கும்போது சோறு ஆறியிருக்கும். கட்டுரையாளர்களோ எண்பது பேர், நூறு பேர். உணவுக்குப் பின் நான்கு அறைகளில் அவர்களை அடைத்து, ஆறு மாதம் உழைத்து எழுதிய ஆய்வாளரிடம் அமர்வுத் தலைவர் துண்டுச்சீட்டை நீட்டுவார்: 'ஐந்து நிமிடத்தில் முடிக்கவும்'. முன்வரிசையில் இருப்பவரும் அடுத்துப் படிக்க வேண்டியவர்தான். அவர் தம் கட்டுரையைப் புரட்டிக்கொண்டிருப்பார். பிறகு சான்றிதழ், நிழற்படம், பேருந்து. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு கருத்தரங்கக் கட்டுரைகளுக்கும் மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்த பின்னர் இக்கூட்டம் எப்படிப் பெருகிற்று என்பதை என் தலைமுறை ஆசிரியர் எவரும் அறிவர்.

ஆக, ஐந்து நிமிட உரை நமக்குப் புதிதன்று. பல்லாண்டுகளாக நடத்தி வருகிறோம், தண்டனையாக. நிரலாளர்கள் அதையே உரிமையாக்கியிருக்கிறார்கள். அவர்களது ஐந்து நிமிடத்தில் பேசுபவர் அவ்வளவுக்கே ஆயத்தமாகி வருகிறார். அவை முழுவதும் ஓர் அறையில் இருந்து கேட்கிறது. தலைவருக்கும் அதே மணி. நம் ஐந்து நிமிடம், பெரியவர்கள் தின்று மீந்த நேரம். இருபது பக்கக் கட்டுரையின் முதற்பக்கத்தை மூச்சுவாங்கப் படித்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

மிகைபடக் கூறலைக் குற்றம் என்றும், சுருங்கச் சொல்லலையும் விளங்க வைத்தலையும் அழகு என்றும் மாணவர்க்கு நடத்துபவர்கள் நாம். பவணந்தியார் குன்றக் கூறலையும் குற்றத்தில்தான் வைத்தார் என்று மூத்தவர் மறுப்புரைக்கக்கூடும், உண்மையே. சுருங்கச் சொல்வதும் குன்றக் கூறுவதும் வேறு வேறு. முனியம்மாளின் புள்ளியை நான்கு நிமிடத்தில் சொன்னது முன்னது. இருபது பக்கத்தின் முதற்பக்கத்தைப் படித்துவிட்டு இறங்குவது பின்னது.

அயல்நாட்டுச் சரக்கு, நம் மேடை மரபுக்கு ஒவ்வாதது என்று இன்னொரு நண்பர் சொன்னார். எது நம் மேடை மரபு? அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரமே குறளில் உண்டு. அது புலமையோர் அவை. முன்பின் அறியாத பொதுமக்களைத் திரட்டி ஒருவர் நின்று உரைநடையில் சொற்பொழிவாற்றும் வழக்கத்துக்கு நம்மிடையே வயது இருநூறு ஆண்டுகூட இராது என்பதை அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்டு பேட் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 1847 திசம்பர் 31, வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதற்பிரசங்கத்தைச் செய்தார். பாதிரிமார் கிறித்துவத்தைப் பரப்பக் கையாண்ட பிரசங்க வடிவத்தை, வெசுலியன் மிஷனில் பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த நாவலர் அருகிருந்து அறிந்தார். அதையே எடுத்துச் சைவத்துக்காகத் திருப்பினார். அதை அயற்சரக்கு என்று அவர் தள்ளியிருந்தால் இன்று நாம் 'நம் மரபு' என்று காட்டும் மேடை வேறு விதமாக இருந்திருக்கும். பிட்ஸ்பர்க்கிலிருந்து வரும் ஒரு மணிக்கு மட்டும் ஏன் இந்த அச்சம்?

தொழில்நுட்பத்தைத் தமிழில் நின்று பேச முடியாது என்போர்க்கும் அதே யாழ்ப்பாணத்தில் விடை உண்டு. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860-களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். அறுவை மருத்துவத்தைச் சொல்லிய மொழி வலைப்பக்கப் படிவத்தைச் சொல்லாதா? அவ்வளவு தொலைவு போவானேன். காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுவினர் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் கூடிப் பேசி வருகிறார்கள். 2012-இல் தொடங்கிய கணியம் இதழ் நிரல்மொழிகளைத் தமிழில் கற்பித்து எழுதிக் குவித்திருக்கிறது. அவர்களிடம் தமிழ்த்துறைப் பட்டம் இல்லை; பேசுகிறார்கள். எங்களிடம் பட்டம் இருக்கிறது, வாழ்த்துகிறோம்.

நீண்ட உரை வேண்டாம் என்பது என் கட்சியன்று. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் விரிவாக விவாதித்திருக்காவிட்டால் தமிழ்99 விசைப்பலகை வந்திராது. சங்கப் பாடலொன்றின் பாடவேறுபாட்டை ஐந்து நிமிடத்தில் தீர்க்க முடியாது. மின்னல் உரைகளிலும் பதர் உண்டு. தம் நிறுவனத்துக்கு ஆள்சேர்க்க ஐந்து நிமிடத்தையும் விளம்பரமாக்கிவிட்டு இறங்குவோர் இருக்கிறார்கள். தோக்கியோவில் 2003-இல் தோன்றிய பெச்சகுச்சாவில் இருபது படங்கள், படத்துக்கு இருபது நொடி என்று கட்டு இறுகிப்போனதால், சொல்லும் பொருளைவிடச் சொல்லும் வித்தையே பெரிதாகிவிடும் ஆபத்தும் உண்டு. இருக்கட்டும். விளம்பரக்காரரையும் வித்தைக்காரரையும் ஆறாம் நிமிடத்தில் மணி இறக்கிவிடும். நம் முதன்மை விருந்தினரை இறக்க என்ன வழி?

ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ ஊத்தங்கரையிலோ ஒரு கல்லூரி மண்டபம் போதும். சிப்காட்டில் இயந்திரம் ஓட்டுபவர், மாங்கூழ் ஆலையில் கணக்கெழுதுபவர், வலைத்தளம் செய்பவர், தமிழ் முதுகலை மாணவி என யார் வேண்டுமானாலும் தாளில் பெயர் எழுதட்டும். தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் ஓசூர்ப் பிள்ளைகள் தமக்கு வரும் தமிழில் பேசட்டும்; கலப்பைத் திருத்த எவரும் குறுக்கிட வேண்டாம். விளிப்பு, வாழ்த்து, பொன்னாடை மூன்றுக்கும் தடை. நான் கேட்டது இவ்வளவே.

சிரித்து முடித்த பிறகும் துறைத்தலைவர் அனுமதி கொடுத்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். வரும் மாதம் இரண்டாம் சனிக்கிழமை. பழைய பொருளறையிலிருந்து, இப்போது யாரும் அடிக்காத பித்தளை மணியொன்றைத் தேடி எடுத்துப் புளிபோட்டுத் துலக்கி வைத்திருக்கிறோம். ஆசிரியர் அறைக் கதவில் தாள் ஒட்டியாயிற்று. முதற்பெயர் கல்லாவிக்காரனுடையது, பொருள் என்ற இடத்தில் 'முனியம்மாளின் புள்ளி' என்று எழுதியிருக்கிறான். நேற்று மாலை பார்த்தபோது ஏழு பெயர்கள் இருந்தன. இன்று காலை எட்டாவதாக மூத்த பேராசிரியரின் பெயர், அவருக்கே உரிய முத்தெழுத்தில். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் '10 நிமிடம்' என்று குறித்திருந்தார். அதற்குக் கீழே யாரோ மாணவர் பென்சிலால் கோடிட்டு '5' என்று திருத்தி வைத்திருக்கிறார். நான் அழிக்கவில்லை.